ஆளில்லாமல் விடக்கூடாது

நாற்காலியின் மேல் ஏறி நின்று, ரெமெடியோஸ் சிலுவையின் மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். கருநீலப் பாப்ளின். சாயம் போகாது, சுருங்காது என்று சொல்லிச் சொல்லியே அவள் பாதி ஆயுளை ஓட்டிய துணி. கீழே சவப்பெட்டியில் தம்பி லெயாந்த்ரோ, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இல்லாத ஒழுங்கோடு, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

சிலுவையைக் கழற்ற அவள் முயலாமல் இல்லை. சவப்பெட்டிக் கம்பெனி ஆள் ரூபெனிடம் காலையிலேயே கேட்டுவிட்டாள். விளக்குத் தண்டும் மெழுகுவர்த்தித் தாங்கியும் சிலுவையும் ஒரே இரும்பில் பற்றவைத்த செட் என்றான் அவன். சீனர்களுக்கு வேறு செட் இருக்கிறது. திறந்த வேதப்புத்தகம் வைத்தது, பாட்டுப் பாடும் சபைக்காரர்களுக்கு.

"ஒண்ணையுமே நம்பாதவங்களுக்கு?"

ரூபென் தலையைச் சொறிந்தான். "அவங்க எங்ககிட்ட வர்றதில்லையே மேடம்."

"அவங்களும் சாவாங்கல்ல?"

"சாவாங்க. ஆனா கூட்டிட்டு வர்றது குடும்பம்தானே."

வேண்டாத சிலுவைக்காவது விலையில் கழித்துக்கொள் என்று கேட்டுப் பார்த்தாள். சிலுவை இலவசம்தான், இலவசத்தில் எதைக் கழிப்பது என்றான். பிலிப்பைன்ஸின் திவிசோரியாச் சந்தையில் துணி விற்கிறவளுக்கு ஒரு நல்ல வியாபாரியைப் பார்த்தால் தெரியும். அதோடு பேரத்தை விட்டாள்.

கடைக்குள்ளேதான் பெட்டியை வைத்திருந்தார்கள். துணிச் சுருள்களைச் சுவரோரம் தள்ளி, ஷட்டரைப் பாதி இறக்கி, கல்லா மேசையில் பிஸ்கட் டின்னும் தர்ப்பூசணி விதையும் காப்பிப் பொடியும் வைத்திருந்தாள். வெளியே டிசம்பர். கிறிஸ்துமஸ் கூட்டம் சந்து முழுக்க நெரிந்துகொண்டிருந்தது. திவிசோரியாவில் டிசம்பரில் சாகவே யாருக்கும் நேரம் கிடையாது; செத்தவனைப் பார்க்க வர எங்கே நேரம் இருக்கும்?

ஆனால் வராததற்கு அது மட்டுமே காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அக்காவும் தம்பியும் பேரம் பேசினார்கள். அவன் அக்காவை "ஆத்தே" என்று இழுத்துக் கூப்பிட்டாலே எதையோ கழிக்கப் பார்க்கிறான் என்று பொருள். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தான். பாதிரியார் வேண்டாம், ஜெபம் வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம், பிணத்தருகே ஊர் கூடிக் கண்விழிக்கும் விழிப்பே வேண்டாம், நேராக எரித்துவிடு. அவள் ஒன்பது நாள் ஜெபம், பூசை, வருடத் திவசம் என்று மேலிருந்து இறங்கினாள். இரண்டு பேருமே முதலில் சொன்ன விலையை நம்பிச் சொல்லவில்லை. கடைசியில் மூன்று நாள் விழிப்பு, மெழுகுவர்த்தி சரி, பாதிரியார் இல்லை என்று வந்து நின்றது. ஜெபத்தில் மட்டும் அவன் இறங்கவில்லை.

"ஒண்ணுகூட வேணாம், ஆத்தே. நீ மனசுக்குள்ள சொல்லிக்கோ, நான் வந்து தடுக்க மாட்டேன். ஊர் கூடி எம்பேர்ல சொல்லக்கூடாது."

அவள் கையை நீட்டினாள். ஊசி குத்திய கையை அவன் அதன்மேல் வைத்தான். அவர்கள் தெருவில் அதற்குமேல் சத்தியம் என்று ஒன்று கிடையாது.

ஜெபம் இல்லாத விழிப்பில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அவள் யோசித்திருக்கவில்லை. முதல் நாள் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பெட்டியை எட்டிப் பார்த்தார்கள், மெழுகுபோல இருக்கிறான் என்றார்கள், விதையைக் கொறித்துத் தோலைத் தட்டில் போட்டார்கள். பிறகு ஜெபம் எப்போது ஆரம்பிக்கும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது. அவர்களாகப் போகவேண்டும். ஜெபம் முடிந்தால் எழுந்திருக்கலாம். ஆரம்பிக்காத ஒன்று எப்படி முடியும்? கடைசியில் கழிப்பறைக்குப் போவதுபோல ஒவ்வொருவராக நழுவினார்கள். இரண்டாம் நாள் ஒருவரும் வரவில்லை. விழிப்பு முடியும்வரை தரையைப் பெருக்கக்கூடாது என்பது வழக்கம். பெருக்க அங்கே எதுவும் இல்லை.

இது மூன்றாம் நாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள். முதல் இரண்டு நாளும் அந்தச் சிலுவையை அப்படியே விட்டதற்குக் காரணம், ஊரார் முகம். ஊரார் வராத இடத்தில் யாருக்காக அது?

ஷட்டருக்குக் கீழே ஒரு பெண்ணின் தலை நுழைந்தது. "அந்த நீலத் துணி கஜம் என்ன விலை?"

ரெமெடியோஸ் தன்னையறியாமல் விலையைச் சொன்னாள். அந்தப் பெண் குறைத்துக் கேட்க வாயெடுத்தவள், பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டு ஓடினாள்.

அவளுக்குப் பின்னாலேயே ஆலிங் பாசிங் வந்தாள். தெருவின் ஜெபக்கூட்டத் தலைவி. பூண்டு மொத்த வியாபாரம். நீலத் துணியைப் பார்த்தாள். சொல்லாததையும் கணக்கில் வைத்துக்கொள்கிறவள்.

ரெமெடியோஸின் சிக்கல் அவளுக்குத் தெரிந்திருந்தது. எரிப்பதற்கான அனுமதியை இன்று மாலைக்குள் நகராட்சி அலுவலகத்தில் வாங்கவேண்டும். நாளை முதல் விடுமுறை. இன்று விட்டால் பெட்டி இன்னும் நான்கைந்து நாள் இங்கேயே கிடக்கும். அனுமதியை உடன்பிறந்தவளே நேரில் போய்க் கையெழுத்திட்டு வாங்கவேண்டும். ஆனால் செத்தவனை ஒரு கணம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது. அவர்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் மாறிமாறி உட்கார்ந்தார்கள். அப்போது லெயாந்த்ரோவும் உட்கார்ந்தான், நம்பிக்கை இல்லாமலே.

"நீ ஒரு வார்த்தை சொன்னா என் பொம்பளைங்க மூணு மணிக்கு வந்துடுவாங்க. நீ நிம்மதியா போயிட்டு வா," என்றாள் ஆலிங் பாசிங்.

"சும்மா உட்கார்ந்தா போதும், ஆலிங் பாசிங்."

"சும்மாவா? ரெமி, அவங்க வாய் சும்மா இருக்குமா? ஒரு ஜெபமாலை சொல்லுவாங்க. அவனுக்குக் காது கேக்கவா போகுது? அவன் சொன்ன கணக்குப்படியே செத்தவனுக்குக் காது கிடையாதே."

நல்ல வாதம். லெயாந்த்ரோ இருந்திருந்தால் ரசித்திருப்பான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் ரெமெடியோஸ். யோசிக்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு ஆலிங் பாசிங் பூண்டைப் பார்க்கப் போனாள். போகிறபோது தரையைப் பார்த்தாள். ஒரு விதைத் தோல்கூட இல்லாத தரை.

ரெமெடியோஸ் தம்பியின் போனை எடுத்தாள். அந்தக் கடையில் பூட்டுப் போடாத ஒரே பொருள் அதுதான்.

வருடக்கணக்காக அவன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதில் சிரித்துக்கொண்டிருந்தான். கடவுள் இல்லை என்கிறவர்களின் குழு. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் என்று பக்கத்து நாட்டுக்காரர்கள். கடவுளைப் பற்றி அவர்களுக்குள் சண்டை சீக்கிரம் தீர்ந்துவிடும், எல்லாரும் ஒரே கட்சி. அப்புறம் யார் நாட்டுக்காரன் பெரிய முட்டாள் என்பதுதான் பேச்சு. சில சமயம் அவன் அவளுக்கு வாசித்துக் காட்டுவான். சிங்கப்பூர்க்காரன் கடவுளை நம்பாததற்குக் காரணம், அவர் வரிசையில் நிற்காமல் வருவாராம். தாய்லாந்துக்காரன் எந்தச் சாமி வந்தாலும் சிரித்துக் கும்பிட்டுவிட்டு லாட்டரி நம்பர் கேட்பானாம். மலேசியாக்காரன் கடவுள் இல்லை என்று நிரூபிக்கவே ஒருமணி நேரம் தாமதமாக வருவானாம். பிலிப்பைன்ஸ்காரன் பிறக்கும்போது நாத்திகன், பசித்தால் பாடகன், சாகும்போது கத்தோலிக்கன். இதை எழுதியது லெயாந்த்ரோவேதான். அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. அவன் சிரிப்பதைப் பார்க்க மட்டும் பிடிக்கும்.

அவள் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எழுதினாள். நான் அவனுடைய அக்கா. லெயாந்த்ரோ இறந்துவிட்டான்.

உடனே பதில்கள் விழுந்தன. முதல் பதில்: ஆதாரம்?

அவள் அந்த வார்த்தையையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ போனைத் திருடிவிட்டதாக ஒருவர் சொன்னார். பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சித் தொடர்போல இருக்கிறது, அடுத்த வாரம் எழுந்து வருவான் என்றார் இன்னொருவர். அவள் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாள்.

பிறகு பாங்காக் பெண் ஒருத்தி வருத்தம் என்று எழுதினாள். இன்னும் இரண்டுபேர் எழுதினார்கள். அதற்குள் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தார். பின்னால் நீலத் துணிக்குள் இருப்பது என்ன வடிவம்? சிலுவை இல்லையா? அவ்வளவுதான். செத்தவனைக் குடும்பம் திருடிக்கொண்டது என்றார் ஒருவர். மூடித்தானே இருக்கிறது, அது மரியாதை என்றார் இன்னொருவர். இதுதான் பிலிப்பைன்ஸ் வழி, கடவுளைத் துரத்தவும் மாட்டார்கள், உட்காரச் சொல்லவும் மாட்டார்கள், திரைக்குப் பின்னால் நிறுத்திவைப்பார்கள் என்று ஒருவர் எழுத, சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. எங்கள் நாட்டில் என்றால் என்று மலேசியாக்காரர் ஆரம்பித்தார். அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அவனைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தேடினாள். அவனுடைய சாவைப் பற்றித்தான் பேசினார்கள்.

கடைசியாக ஒன்று எழுதிப் பார்த்தாள். நான் வெளியே போகவேண்டும். எங்கள் வழக்கத்தில் இவனைத் தனியாக விடக்கூடாது. உட்கார ஆள் இல்லை.

அது மூடநம்பிக்கை என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். மூளை நின்றபிறகு தனிமை என்பது கிடையாது, அக்கா. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அவள் எழுந்து சட்டைப்பையில் கைவிட்டுத் தன் பழைய போனை எடுத்தாள். ஆலிங் பாசிங்கின் எண்ணைத் தேடினாள். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. பெட்டிப் பக்கம் பார்க்காமல் இருக்க ஷட்டரைப் பார்த்தாள்.

தம்பியின் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. 'கசப்புத் தேநீர்' என்ற புனைபெயர் வந்தது.

எடுத்ததும் ஒரு நடுவயதுக்காரர். வழுக்கை, பின்னால் அரிசி மூட்டைகள். குரலை அடக்கிப் பேசினார், இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில். "ஆத்தேனுதானே அவர் கூப்பிடுவார்? நானும் அப்படியே கூப்பிடலாமா? நான் இந்தோனேசியா, ஜாவாவுல சோலோங்கற ஊர்ல இருக்கேன். அரிசிக் கிடங்கு. கதவைப் பூட்டிட்டேன்."

"சொல்லுங்க."

"நீங்க போயிட்டு வாங்க. என்னை அவர் பக்கத்துல வச்சிட்டுப் போங்க. நான் உட்காந்திருக்கேன்."

அவள் அவரை விலை பார்ப்பதுபோலப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே."

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

அவர் மூட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "என் அடையாள அட்டையில மதம் போட்டிருக்கு. பொண்டாட்டிக்குத் தெரியாது, பிள்ளைங்களுக்குத் தெரியாது. நான் செத்தா குளிப்பாட்டி, ஓதி, ஊரே வந்து அடக்கம் பண்ணும். நல்லபடியாத்தான் பண்ணுவாங்க. ஆனா அது யாரோ ஒருத்தருக்கு நடக்கற மாதிரி இருக்கும்." மூட்டைமேல் கையை ஊன்றினார். "அந்தக் குழுவுல என் நிஜப்பேர் உங்க தம்பி ஒருத்தருக்குத்தான் தெரியும். வீர்யோ."

"ஜெபம் எதுவும் சொல்லக்கூடாது," என்றாள் அவள். என்ன சொல்கிறோம் என்று சொன்னபிறகுதான் தெரிந்தது.

வீர்யோவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, இடம் பார்த்துப் போய்விட்டது. "மாட்டேன், ஆத்தே."

பிஸ்கட் டின்னைப் பெட்டியருகே ஒரு முக்காலியில் வைத்து, அதில் போனைச் சாய்த்து, சார்ஜர் வயரை இழுத்துச் செருகினாள். புது மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாராவது துணி கேட்டால் கடை மூடியிருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். பிறகு பெட்டிக்கும் போனுக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியேறினாள்.

நகராட்சி அலுவலகத்தில் விடுமுறைக்கு முந்தைய நாளின் கூட்டம். எல்லாச் சாவும் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்ததுபோல வரிசை. அவள் வரிசையில் சேர்ந்ததுமே மழை பிடித்துக்கொண்டது, அவள் முறை வந்தபோதும் விடவில்லை. எழுத்தர் பெண், செத்தவரின் மதம் என்ன என்று தலைநிமிராமல் கேட்டாள். இல்லை என்றாள் ரெமெடியோஸ். அந்தப் பெண் நிமிர்ந்து, இவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய மாதாவைப் பார்த்தாள்.

"தெரியலைனு போடட்டுமா?"

"தெரியும். இல்லை."

திரும்பும்போது ஏறிய ஜீப்னி வண்டி நகரவில்லை. பாதி வழியில் இறங்கி நடந்தாள். தெருமுனையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவன் அவளைப் பிடித்து நிறுத்தினான். அவள் கடைக்குள் தலைவிட்ட ஒரு பொம்பளை அலறிக்கொண்டு ஓடினாளாம். பிணம் பேசியதாம்.

"என்ன பேசிச்சாம்?"

"கடை மூடியிருக்குனு. அதுவும் இங்கிலீஷ்ல."

"பின்ன? படிச்சவன்," என்றாள். அவனுக்கு முன்னால் சிரிக்கவில்லை. நான்கு கடை தாண்டியபிறகு சிரிப்பு வந்தது, வந்தது வேறாக மாறியது. நனைந்த முகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

சந்துக்குள் நுழைந்தபோது தெரு முழுக்க இருட்டு. அத்தனை நட்சத்திர விளக்கையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டால் மழைக்கு அதுதான் நடக்கும். வியாபாரிகள் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டு டார்ச் அடித்துத் துணிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஷட்டரைத் தூக்காமல் குனிந்தாள்.

மெழுகுவர்த்தி கரைந்து அணைந்துபோயிருந்தது. கடைக்குள் பெட்டி இருக்கும் இடமே தெரியவில்லை. முக்காலியின் மேல் போன் மட்டும் ஒரு சின்னச் சதுரமாக வெளிச்சம் விட்டது. அதற்குள் வீர்யோ குழல்விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதத்தில் மடித்த சோறு. அவர் முகத்துக்கு மேலே குழுவின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்து மறைந்துகொண்டிருந்தன. இன்னும் யாரோ யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் படிக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் பக்கத்தில் கறுப்பைத் தவிர எதுவும் தெரிந்திருக்க முடியாத திரையை.

அவள் செருப்பின் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். "ஆத்தே?"

"நான்தான். கரண்ட் எப்போ போச்சு?"

"நீங்க போன கொஞ்சநேரத்துல. அப்புறம் மெழுகுவர்த்தியும்."

இவ்வளவு நேரமும் இருட்டையா பார்த்துக்கொண்டிருந்தார்? தீப்பெட்டி கல்லா இழுப்பறையில் இருந்தது. அதை எடுக்கப் போகாமல், இருட்டில் தடவி ஒரு நாற்காலியை இழுத்து, போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். துணிக்கடைப் பொம்மைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தளர்ந்தார்.

"சாப்பிடுங்க," என்றாள் அவள். "ஆறிடும்."

அவர் தலையசைத்து மடியைப் பார்த்தார். மழைச் சத்தத்துக்கு நடுவே, காகிதம் மெதுவாக விரிகிற சத்தம் கேட்டது.