மாடி லேபுக்கு வழி

சகாயராணியின் ரத்தப் பரிசோதனை லேப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாயவனின் செல்போன் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. கடையை ஒட்டி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. அண்ணாந்து பார்த்தாலும் மேலே ஒரு லேப் இருப்பது தெரியாது. அதனால் படிக்கட்டு வாசலுக்கு மேல், தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு போர்டு மாட்டியிருந்தாள். அரூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். பெயர் தமிழில்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்று நகராட்சி சொன்னபோது, ஆங்கிலத்தைச் சுருக்கி மறுபடியும் எழுதி வாங்கியிருந்தாள்.

சித்திரையில் அடித்த ஒரு காற்றில், அதே தெருவில் ஒரு துணிக்கடையின் பலகை பிய்த்துக்கொண்டு விழுந்து, பைக்கில் போனவரின் தோள்பட்டையை உடைத்தது. ஆபரேஷனுக்கு முன் அவருக்கு ரத்தம் எடுத்தவளே சகாயராணிதான். ஆகவே, நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகளை எல்லாரும் எடுத்துவிட வேண்டும் என்று நகராட்சி அறிவித்தபோது அவள் முணுமுணுக்கவில்லை. கட்டட ஆய்வாளர் வீரமணி ஆட்களோடு வந்து போர்டைக் கழற்றும்போது ஒன்று மட்டும் கேட்டாள்.

"சார், சுவரோட ஒட்டி மாட்டிக்கலாங்களா?"

"தாராளமா மாட்டிக்கோங்க. வெளியே நீட்டக் கூடாது, அவ்வளவுதான்."

ஒட்டி மாட்டச் சுவர் எங்கே இருக்கிறது? அந்த வாரமே மாயவன் புது போர்டு போட்டான். செல்போன் கம்பெனி கொடுத்த, விளக்கு எரிகிற போர்டு. கட்டடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், படிக்கட்டு வாசலின் மேல்பாதியையும் மறைத்துக்கொண்டு நின்றது. ஒரு விரற்கடைகூட வெளியே நீட்டவில்லை. சட்டப்படி அதில் குற்றமே இல்லை என்றார்கள் நகராட்சியில்.

"மாயவா, படிக்கட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுக் கொடுப்பா."

"கம்பெனி அளவெடுத்துக் குடுத்ததுக்கா. நான் எப்படி வெட்டறது? நீங்க கூகுள் மேப்புல போட்ருங்க. இப்பல்லாம் எல்லாரும் அதப் பாத்துதான் வர்றாங்க."

அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டன் போன்காரர்கள். டாக்டர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறவர்கள். சகாயராணி ஒரு ஸ்டாண்டு போர்டு செய்து படிக்கட்டுக்குக் கீழே வைத்தாள். நடைபாதையை அடைக்கிறது என்று நகராட்சி டிராக்டர் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டினாள். மழை அதைக் கரைத்தது. எதிர்ச்சாரியில் தரைத்தளத்தில் இருந்த இன்னொரு லேபில் காலை நேரத்தில் வரிசை நின்றது. ஜன்னல் வழியாக அந்த வரிசையைப் பார்த்தபடி அவள் ஊசிகளை அடுக்குவாள், பிரிப்பாள், மறுபடியும் அடுக்குவாள். வீட்டில் அவள் கணவன் விக்டர், "வேற இடம் பாக்கலாமே" என்று ஆரம்பித்தால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாள்.

பொறுமை போனது தீர்த்தம்மாள் வந்த அன்றுதான். மாதாமாதம் சர்க்கரை பார்த்துக்கொள்ள வெறும் வயிற்றோடு வருகிற கிழவி. போர்டைக் காணாமல் லேப் மூடிவிட்டது என்று நினைத்து, தெருவின் கோடி வரை போய்த் திரும்பி, வெயிலில் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாள். டீக்கடைக்காரர் அடையாளம் தெரிந்து ஆள் அனுப்பினார். சகாயராணி ஓடிப்போய், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தாள்.

"உன் கடைய எங்கடி ஆத்தா ஒளிச்சு வெச்ச? ஏழெட்டுத் தரம் இந்த வழியாவே போயிருப்பன்."

"நான் ஒளிக்கலீங்க பெரியம்மா."

"சரி, ரத்தம் எடு. வூட்டுக்குப் போவணும்."

"சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டீங்களே. இன்னிக்கு எடுக்க முடியாதுங்க. இன்னொரு நாளு வெறும் வயித்தோட வாங்க."

கிழவி அவளை ஒரு பார்வை பார்த்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். சகாயராணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகை இல்லை, ஆத்திரம்.

அடுத்த திங்கட்கிழமை தர்மபுரிக்குப் பஸ் ஏறி, கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில், படிக்கட்டை மறைத்த போர்டைக் கட்டட ஆய்வாளர் கண்டுகொள்ளவில்லை என்று மனு கொடுத்தாள். வரிசையில் நின்றதில் கால் வீங்கியது. 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று போனுக்கு ஒரு செய்தி வந்தது. யாருக்கு அனுப்பினார்கள் என்று நகராட்சியில் போய் விசாரித்தாள். வீரமணி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத்தாம்மா அனுப்பியிருக்காங்க."

"உங்க மேல குடுத்த மனு சார் அது!"

"தெரியுது. அதையும் நான்தான் விசாரிச்சு எழுதணும். வந்து பாக்கறேன், போங்க."

சிரிப்பதா கத்துவதா என்று தெரியாமல் வெளியே வந்தாள்.

அவர் வந்தார், ஒரு மத்தியான வேளையில். சகாயராணியின் போன் அடித்தது.

"ஏம்மா, லேப் எங்க இருக்கு? செல்போன் கடை முன்னாடி நிக்கறேன். இங்க படியே காணோமே."

அவள் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நேர் கீழே, கைக்குட்டையால் வழுக்கைத் தலையைத் துடைத்தபடி வீரமணி இடமும் வலமும் பார்த்துக்கொண்டிருந்தார். போர்டைக் கழற்ற வந்தபோது அவரே பார்த்த படிக்கட்டுதான். குரல் கொடுக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"நல்லாத் தேடிப் பாருங்க சார். அங்கதான் இருக்கு."

அவர் அந்தக் கோடிக்குப் போனார். திரும்பி வந்தார். கடைசியில் மாயவனிடமே கேட்டு, குனிந்து நுழைந்து, நெற்றியைப் போர்டின் கீழ் விளிம்பில் இடித்துக்கொண்டு மேலே வந்தார். சகாயராணி தண்ணீர் கொடுத்தாள்.

"படிக்கட்டு வாசல மறைக்கக் கூடாதும்மா. தீப்பிடிச்சா ஆளுங்க எப்படி இறங்கறது? இத முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டு.

மாயவனுக்கு நோட்டீஸ் போனது. அவன் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, படிக்கட்டுப் பக்கத்துப் போர்டை அறுத்தெடுத்தான். அறுக்கும்போது மேலே பார்த்து, "ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு மனு குடுக்கறாங்களாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். கரண்டு போனால் உதவட்டும் என்று அவன் இன்வெர்ட்டரிலிருந்து லேபின் ஃபிரிட்ஜுக்கு இழுத்திருந்த வயர் அன்றே பிடுங்கப்பட்டது. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை, அவன் கொடுக்கவும் இல்லை. சுவரில் கிடைத்த இடத்தில் சின்னதாக, ஒட்டினாற்போல, புதுப் போர்டு ஏறியது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை லேபைத் திறக்க வந்தவளுக்குப் படிக்கட்டையே காணோம். மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். யாரோ ஒரு வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன்கள் வரிசையாகக் கூலிங்கிளாஸோடு சிரித்தார்கள். போர்டு, படிக்கட்டு, மாயவனின் பாதிக்கடை எல்லாம் அதற்குப் பின்னால்.

வீரமணிக்குப் போன் செய்தாள்.

"பேனருக்குப் போலீஸ்ல தடையில்லாச் சான்று வாங்கணும்மா. வாங்கினாங்களான்னு கேட்டுத்தான் சொல்லணும். நாளைக்குப் பாக்கலாமா?"

"நாளைக்குக் காதுகுத்தே முடிஞ்சிரும் சார்."

"அப்ப அவங்களே எடுத்துருவாங்கம்மா."

போனை வைத்தாள். டாக்டர் சீட்டோடு வந்த ஒருவர் ஃபிளெக்ஸின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். சகாயராணி ஃபிளெக்ஸை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து மாடியேறினாள். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு பக்கக் கயிறு கைக்கு எட்டியது, வெட்டினாள். மறுபக்கம் எட்டவில்லை.

கடையைத் திறக்க வந்த மாயவன் அதைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டு, கத்தரிக்கோலுக்காகக் கையை நீட்டினான்.

சாயங்காலம் பேனர்காரர்கள் நாலைந்து பேர் பைக்கில் வந்து கத்தினார்கள். யார் வெட்டியது என்று கேட்டார்கள்.

"நாந்தான் வெட்டுனேன்" என்று மாடியிலிருந்து சொன்னாள் சகாயராணி.

"பாதிதாங்க அவங்க வெட்டுனது" என்றான் மாயவன், செல்போன் ஒன்றுக்கு ஸ்டிக்கர் ஒட்டியபடி.

அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த ஃபிளெக்ஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த கட்டடத்தில், ஒரு பல் ஆஸ்பத்திரியின் வாசலை மறைத்து, அதைக் கட்ட ஆரம்பித்தார்கள்.