ஸெய்னுதீன் காலில் விழுந்த பாய்த்தையல்

1958ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, திருகோணமலைக் கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த தையல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிரிந்தன. சட்டைக் கைகள் தோளை விட்டு இறங்கின. தலையணைகள் பஞ்சைக் கொட்டின. கூப்பன் கடை வரிசையில் நின்ற ஆண்கள் இடுப்பில் கட்டியிருந்த சாரங்கள் மூட்டு விட்டு வெறும் துணியாகின; கடைக்குள் அரிசிச் சாக்குகளும் வாய் திறந்தன. வேட்டி கட்டியிருந்த நாலைந்து பேர் மட்டும் தப்பினார்கள். அவர்கள் அடித்த பெருமையைத்தான் தாங்க முடியவில்லை.

காரணம் ஸெய்னுதீன் வீட்டு மெசின். ஸெய்னுதீன் மூதூருக்கும் ஊருக்கும் இடையில் பாய்வள்ளம் ஓட்டியவர். மாசிக் காற்றில் பாய் கிழிந்து வள்ளம் கரையில் கிடந்தது. அவருடைய மனைவி மைமூனா, பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தன் கை மெசினைத் தூக்கிக் கணவனிடம் கொடுத்து, இதை மாற்றி ஒரு நல்ல பாய் வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார். வெள்ளைக்காரக் கடற்படை ஊரை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்த சாமான்களை ஒரு கடைக்காரர் விற்றுக்கொண்டிருந்தார். ஸெய்னுதீன் பாய் வாங்கவில்லை. மாட்டு வண்டியில், கித்தான் துணியால் சுற்றிய ஓர் இரும்பு மெசினோடு வந்தார். வண்டிக்காரன் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்தத் தானே அதை இறக்கி, காலில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டு வந்தார். இப்படிப்பட்ட மனிதரை என்னதான் செய்வது?

"பாய் வாங்கப் போன மனுசன் இதக் கொண்டு வந்து நிக்கிறீங்க. இதுல ஏறியா மூதூருக்குப் போறது?" என்று மைமூனா கேட்டார்.

சுற்றி வந்த கித்தானையே பாயாகத் தைக்கலாம், பிறகு ஊரில் உள்ள வள்ளங்களுக்கெல்லாம் தைக்கலாம் என்பது ஸெய்னுதீனின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. மெசின் என்ன மெசின் என்பதுதான் தெரியவில்லை. பெயர்த் தகட்டை யாரோ சுரண்டியிருந்தார்கள். துறைமுகத்தில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்த குலசிங்கம் வந்து, இது சப்பாத்துத் தைக்கிற மெசின் என்று சத்தியம் செய்தார். மணிக்கூடு திருத்தும் சரீப், கூடாரம் தைக்கிறது என்றார். இரண்டு பேரும் மெசினைப் பார்த்ததைவிட ஒருவரையொருவர் முறைத்ததுதான் அதிகம். ஊசி இடமும் வலமுமாக ஆடியதைக் கண்டதும், அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒத்துப்போய், ஆட்டம் தேய்மானம் என்று முடிவுகட்டி, ஒரு திருகாணியை இறுக்கி ஊசியை நேராக நிறுத்தினார்கள். பிறகு குலசிங்கம் சக்கரத்தை அப்பால் தள்ளிச் சுற்றினார். தெருவின் தையல்கள் பிரிந்தது அப்போதுதான். உள்ளே கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஸெய்னுதீனின் காலில் போட்டிருந்த ஏழு தையலும் அதோடு பிரிந்தன.

ஆஸ்பத்திரியில் மறுபடி தைத்தார்கள். வியாழக்கிழமை சரீப் எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்த்தார். கால் மறுபடி பிரிந்தது, இம்முறை பக்கத்துத் தெருவும் சேர்ந்து பிரிந்தது. சனிக்கிழமை மைமூனாவே சுற்றினார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர்மார் குண்டூசி குத்திய காற்சட்டையோடு வேலை செய்தார்கள். பொலிசுக்கு ஒரு முறைப்பாடு போனது. தையல் பிரிவதற்குச் சட்டத்தில் இடம் எதுவும் இல்லாததால் அது திரும்பி வந்தது. மூன்றாம் தரம் காலைப் பார்த்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி, "இனி ஊசி குத்தத் தோல் இல்ல. இன்னொருதரம் பிரிஞ்சா கால் மிஞ்சாது, சொல்லிப்போட்டன்" என்று மைமூனாவைத்தான் ஏசினார், ஏதோ அவர் ஆசைப்பட்டுப் பிரித்தது போல.

அன்று மைமூனா குலசிங்கத்தையும் சரீப்பையும் வெளியே போகச் சொன்னார். "குலசிங்கம் அண்ணன், சரீப் நானா, ரெண்டு பேரும் போய் வீட்டில தேத்தண்ணி குடிங்க. எனக்கு ஏலாது" என்றார். கதவைச் சாத்திவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்து மெசினின் அடிப்பாகத்தைத் துடைத்தார். தட்டுக்குக் கீழே, துணியைத் தள்ளும் பற்களுக்கு இடையில், அழுக்கோடு பஞ்சு இறுகிக் கிடந்தது. தையல்காரப் பெண்ணுக்குப் பெயர்த் தகடு எதற்கு? பிரித்து விரலில் உருட்டிப் பார்த்தார். சப்பாத்துத் தோலின் தூள் ஒன்றுகூட இல்லை. மெழுகு நூலும் உப்புப் பூத்த பாய்த்துணியும்தான். இது பாய் தைத்த மெசின். பாய்த்தையல் காற்றுக்கு இழுபட்டுக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஊசி ஆடுகிறது. ஆண்கள் இறுக்கிய திருகாணியை அவர் தளர்த்தி விட்டார்.

சக்கரத்தைத் தொட இன்னும் பயம். நூல் கோக்காமல், ஒரு துண்டுக் கித்தானை வைத்து, சக்கரத்தை ஒரு முடி அகலம் மட்டும் அப்பால் தள்ளினார். கால் வலிக்கிறதென்று ஸெய்னுதீன் உள்ளே இருந்து கத்தினார். துணி மடியை நோக்கி வந்தது. தைக்கிற துணி எதிர்ப்பக்கம் அல்லவா போக வேண்டும்! மைமூனாவுக்கு அப்போதுதான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்தது கை மெசின். கை மெசினின் கைப்பிடியை அப்பால்தான் சுற்றுவது வழக்கம். இடையில் இருக்கும் பல்லுச்சக்கரம் அதைத் திருப்பிப் பெரிய சக்கரத்தை இப்பால் ஓட்டும். இந்த மெசினுக்கு இடையில் எதுவுமில்லை. ஊரே பழக்கதோசத்தில் ஒரு தையல் மெசினைப் பின்னால் ஓட்டியிருக்கிறது. "படிச்ச மடையன்கள்" என்று சொல்லி, தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டு, நூலைக் கோத்து, பிஸ்மில்லா சொல்லி, சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

பிரிந்ததெல்லாம் தைபட்டது. சட்டைகளும் சாரங்களும் சாக்குகளும் இடமும் வலமுமாகப் போகும் வெள்ளைத் தையலில் மூடின. குலசிங்கம் தன் வீட்டுக் கதிரையோடு சேர்ந்து தைபட்டுப்போனார். கத்தரிக்கோல் வந்துதான் எழுந்தார். ஸெய்னுதீனின் காலில் இருபத்தொரு பாய்த்தையல் விழுந்தது. காயம் ஒன்பது நாளில் ஆறியது, நூல் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. பாய் வெள்ளிக்கிழமை ஏறியது. அதற்குப் பிறகு புல்மோட்டை வரைக்கும் வள்ளக்காரர்கள் மைமூனாவிடம் பாய் தைத்தார்கள். கை மெசினைக் கொடுத்துவிட்டு வந்ததை அவர் இருபத்தொரு வருடமும் கணவனுக்குச் சொல்லிக் காட்டினார், பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்.

1979 ஐப்பசியில் ஸெய்னுதீன் மௌத்தானார். மையத்தைக் கிடத்திக் குளிப்பாட்ட வந்தவர்கள் காலைக் கண்டு தயங்கி நின்றார்கள். உடலில் சுற்றும் கபன் துணியில்கூட ஒரு தையல் இருக்காது. இவர் உடம்பிலேயே இருபத்தொன்றோடு போகலாமா என்று ஆளையாள் பார்த்தார்கள். மைமூனா அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. தைச்சது நான். பிரிக்கிறதும் நான்தான்" என்றார்.

மெசினின் முன்னால் இருந்து, சக்கரத்தை ஒரே ஒரு சுற்று அப்பால் தள்ளினார். கால் வழுவழுவென்று, வடுவும் இல்லாமல், பாய் வாங்கப் போன நாளில் இருந்தபடி இருந்தது. வெளியே நின்றவர்கள் எல்லாரும் அந்த மெசினின் சத்தத்தை அறிந்தவர்கள். இடது கையால் மூட்டு விட்ட சாரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது தோளில் மையம் கிடந்த சந்தூக்கைத் தாங்கி, மையவாடி வரைக்கும் மெதுவாக நடந்தார்கள்.