நான்கு குமிழ்களுக்கு நான் எழுதிய முகப்பு

1

இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரும் சொல்லவும் இல்லை. என் அக்காவின் கணவர் ஒருநாள் சட்டையில் ஒயர் பற்றவைத்த சால்டரிங் வாசத்தோடு வந்து நின்று, "மாப்ள, நீதான் எழுத்தாளனாச்சே, எனக்கு ஒரு நாலு வார்த்தை எழுதிக் குடு" என்று கேட்டார். அங்கேதான் ஆரம்பம்.

நாலு வார்த்தை என்றால் நாலே வார்த்தை. நானூறு பக்க நாவலை ஏழு மாதத்தில் முடித்தவன் நான். இந்த நாலுக்கு மூன்று வாரம் ஆனது.

(முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஓரிடத்தில் பொய் சொல்லப்போகிறேன். கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். மனசு கேட்காமல் நானே வந்து ஒப்புக்கொண்டுவிடுவேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

மாலை வெயில் அலுமினியத் தகட்டில் பட்டுத் தெறிக்க, அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆம்ப்ளிஃபயரை

வேண்டாம். மாமாவுக்கு (அக்கா கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வாழ்நாளின் சிறந்த ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்று கிடையாது. அடுத்து செய்யப்போவதுதான் எப்போதும் சிறந்தது.

இரண்டாம் முயற்சி: அக்கா கூடத்தில் உட்கார்ந்து பாட்டு கேட்டு நான்கு வருடம் ஆகிறது.

இது தேவலை. உண்மையாகவும் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3

கல்யாணம் ஆன புதிதில் அவர்களிடம் இருந்தது திருகுகிற குமிழ் ஒன்றே ஒன்று வைத்த சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டி. இருவரும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, அடுத்த பாட்டு யாருடையது என்று அடித்துக்கொள்வார்கள். நான் போனால் என்னை நடுவராக்கி, கடைசியில் என்னையே இரண்டு பேரும் திட்டுவார்கள்.

அப்புறம் மாமாவுக்குக் கை தேறியது. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது பெட்டி, மூன்றாவது, ஆறாவது. சத்தம் துல்லியமாகிக்கொண்டே போனது, முகப்பு மட்டும் மொட்டை. தகட்டில் துளை, துளையில் குமிழ். எது எதற்கு என்று ஓர் எழுத்து கிடையாது. கேட்டால், "எனக்குத்தான் தெரியுமே" என்பார். பெட்டிக்குப் பெட்டி வரிசையும் மாறும். அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அக்கா எதையோ திருகப்போக, கூடமே அலறி, பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்துவிட்டார். அன்றைக்குக் கையெடுத்தவள்தான். காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு அடுக்களையில் தனியாகக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு தட்டு லேசாக அதிர்ந்தாலே கண்டுபிடிக்கிற மாமாவின் காதுக்கு இது எட்டவே நான்கு வருடம் ஆனது. அதுவும் அவளே வாய்விட்டுச் சொன்ன பிறகு.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"எங்க லேப்ல பேர் ஒட்டாத டியூப் வந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா? தொறந்துகூட பாக்க மாட்டோம், நேரா குப்பைதான். உங்க பொட்டியும் எனக்கு அப்படித்தான். அடுத்ததும் மொட்டையா வந்துச்சுன்னா உங்க ரூம்லயே வெச்சுக்குங்க. பேர் எழுதுங்கன்னு நான் இனிமே கேக்க மாட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான், நாலு குமிழுக்கும் பேர் கேட்டு மாமாவை என்னிடம் அனுப்பியது.

4

நான் முதலில் எழுதிக்கொடுத்தவை: ஒலியளவு, தாழ்சுரம், உச்சசுரம், உள்ளீட்டுத் தேர்வு.

மாமா படித்துவிட்டு, "நல்லாருக்கு மாப்ள. ஆனா பாட்டு கேக்க வந்த மாதிரி இல்லியே, பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

(இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.)

மூன்றாம் வாரம்தான் எனக்கு உறைத்தது. வார்த்தைகளை அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். 'சத்தத்தைக் கொறைங்க', 'அந்த தொம்தொம்மை நிறுத்துங்க, நெஞ்சுல இடிக்குது', 'கிணுகிணுன்னு காது கூசுது', 'இது எதுலேர்ந்து பாடுது, ரேடியோவா போனா?' பத்து வருடமாக அவள் அந்தப் பெட்டிகளை ஏசியதெல்லாம் அதுதான். எழுதிக்கொடுத்தேன்: சத்தம், தொம்தொம், கிணுகிணு, எதுலேர்ந்து.

மாமா காகிதத்தை வாங்கிப் படித்தார். "இதெல்லாம் அவ சொன்னதுல்ல" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, சால்டர் புகை என்றார். அன்றைக்கு அவர் சால்டரிங் எதுவும் செய்யவில்லை.

5

அக்கா பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் போனாள். ஞாயிறு காலை திரும்புவாள். அதற்குள் முகப்பு தயாராக வேண்டும்.

மாமா படம் வரைந்து, துளையிட்ட தகட்டை எடுத்துக்கொண்டு அச்சுக் கடைக்குப் போனார். செல்போன் உறைக்கும் கதவுப் பெயர்ப்பலகைக்கும் படம் அச்சடிக்கிற கடை. எதைப் படுக்கவைத்தாலும் அதன் மேலேயே அச்சடித்துவிடும் ஓர் இயந்திரம் அங்கே இருக்கிறது. கறுப்பு எழுத்தோடு பளபளவென்று தகடு வந்தது.

6

சனிக்கிழமை மத்தியானம். தகட்டை மாட்டி, நான்கு குமிழையும் சொருகி, மாமா 'சத்தம்' என்று இருந்ததைத் திருகினார். ரேடியோ நின்று போன் பாடியது. 'எதுலேர்ந்து' என்று இருந்ததைத் தொட்டார். கூடம் அலறியது. 'தொம்தொம்'மைக் கூட்டினால் கிணுகிணுத்தது.

நான்கும் இடவலமாக மாறியிருந்தன. மாமா பெட்டியை எப்போதும் உள்ளேயிருந்தே பார்ப்பவர். ஒயர் பற்றவைக்கும்போது முகப்பு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். படத்தையும் அப்படியே, பின்னாலிருந்து பார்த்தபடி வரைந்திருக்கிறார். நான்கு துளையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்பது அவருக்குப் பெருமை. அதனால்தான் மாட்டும்போதுகூடத் தப்பு தெரியவில்லை.

"குமிழையே இடம் மாத்திட்டா என்ன மாமா?"

"எப்டி மாப்ள? எதுலேர்ந்து வருதுங்கற ஒயரெல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர். பக்கத்துல கொண்டுபோனா பாட்டுக்கு அடியில உம்ம்முனு இரைஞ்சுக்கிட்டே இருக்கும்."

அச்சுக் கடை அரை நாளோடு மூடிவிட்டது, இனித் திங்கள்தான் திறக்கும். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "பேரே ஒட்டலேன்னா குப்பை. தப்பா ஒட்டினா அவங்க லேப்ல என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். மருத்துவரே கூப்பிட்டுக் கத்துவார்.

7

ஒப்புக்கொள்கிறேன். அச்சுக் கடைக்குப் போனது மாமா இல்லை, நான்.

கடைக்கார அம்மா கணினியில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தெளிவாகக் கேட்டார்: "இது முன்னாலேர்ந்து பாத்து வரைஞ்சதா, பின்னாலேர்ந்து பாத்து வரைஞ்சதா? பொட்டி செய்யறவங்க நெறைய பேர் பின்னாலேர்ந்து வரைவாங்க சார், அதான்."

மாமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் என் எழுத்து அச்சேறுகிற அவசரம் எனக்கு. "முகப்புன்னாலே முன்னாடிதானேம்மா" என்று ஏதோ பெரிய விஷயத்தைச் சொன்னமாதிரி சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

மாமாவிடம் இதுவரை சொல்லவில்லை. அவர் தன் படத்தைத்தான் நொந்துகொண்டிருக்கிறார். ஐந்தாம் பகுதியை அடித்துத் திருத்தியிருக்கலாம். நான் எவ்வளவு லேசாகப் பழியைத் தள்ளினேன் என்று நீங்கள் பார்க்கட்டும் என்றுதான் விட்டுவைத்தேன்.

8

ஞாயிறு காலை, முடிவு அ: மாமா ஒயர்களையெல்லாம் மாற்றிப் பற்றவைத்துவிட்டார், இரைச்சலே

இல்லை. அது அறிவியலுக்கு விரோதம்.

முடிவு ஆ: அக்கா முகப்பைப் படித்தாள். கண்ணில் நீர் திரண்டது. அவள் மெல்ல

இதுவும் வேண்டாம். அக்கா அழுதால் எனக்கு எழுத வராது.

முடிவு இ: என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. கதைசொல்லி காட்சியிலிருந்து விலகி நிற்பதற்கு இலக்கியத்தில் மரியாதையான பெயர்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அதற்கு ஓடி ஒளிவது என்று பெயர். போனையும் அணைத்து வைத்துவிட்டேன்.

9

இன்று திங்கள். கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றேன். அதே அளவில் இன்னொரு தகடு, கணினியில் இருந்த படத்தை வைத்து அங்கேயே போட்ட அதே துளைகள். கடைக்கார அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, மூலைக்கு மூலை ஒட்டுநாடா வைத்துப் படுக்கவைத்தார். இயந்திரத்தின் தலை போவதும் வருவதுமாக ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சியது. மை விழுந்த கணமே காய்ந்தது. இடமிருந்து வலமாக: எதுலேர்ந்து, தொம்தொம், கிணுகிணு, சத்தம். மூன்று தடவை சரிபார்த்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தேன். மணியை அடித்தேன். கேட்கவில்லை. உள்ளே பாட்டு அவ்வளவு சத்தம். ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பேச்சு கேட்டது.

"இருங்க, சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "சத்தம்னா எதுலேர்ந்து. எதுலேர்ந்துன்னா சத்தம். தொம்தொம்னா கிணுகிணு. சரியா?"

"சரி."

"எங்க லேப்ல இப்படி ஒட்டியிருந்தா உங்களை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"என் தப்புதான். பின்னாலேர்ந்தே பாத்து வரைஞ்சுட்டேன்."

"என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க. உங்க வாய்லேர்ந்து இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாமா குரலைத் தாழ்த்தி, "இது மட்டும் இல்ல. நாலு வருஷமா நீ அடுக்களையில தனியா..." என்று ஆரம்பித்தார். அக்கா ஏதோ ஒரு குமிழைத் திருகியிருப்பாள், பாட்டு வந்து மீதியை மூடிவிட்டது. எனக்கு அடிக்கடி அழுகை வருவதில்லை. வந்தது.

இதை மாடிப்படியில் உட்கார்ந்து, புதுத் தகட்டை மடியில் வைத்து அதன் மேல் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் உள்ளே போனால் தகடு சரியாகிவிடும். அக்கா யாரையும் கேட்காமல், எதையும் மனசுக்குள் புரட்டிப் பார்க்காமல் பாட்டு போடலாம். அவள் கேட்டதும் அதுதான். ஆனால் தப்பு யாருடையது என்று நான் சொல்ல வேண்டிவரும். மாமா இவ்வளவு வருடம் கழித்துக் கேட்ட அந்த மன்னிப்பு, என் தப்பைத் தன்னுடையதாக நினைத்ததால்தான் வாயைவிட்டு வந்தது. அதை நான் பிடுங்கிக்கொள்வதா? போகாவிட்டால் அக்கா வீட்டில் தப்பான பெயர்களோடு ஒரு பெட்டி இருக்கும், அதைக் கட்டிக்கொண்டு செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்தபடி என் மாமாவும் இருப்பார்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர்கள் சிரிக்கிறார்கள், இரண்டிலும் எனக்கு உறுத்துகிறது. என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை, நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தகட்டைப் பத்திரமாகப் பிடியுங்கள், மையில் கீறல் விழுந்துவிடும்.

உள்ளே பாட்டு முடிந்துவிட்டது. இப்போது மணி அடித்தால் கேட்கும்.