பழைய சிப்பில் போடுங்கள்

பல் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில், ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் அடுத்த கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில், எக்ஸ்ரே எடுப்பவள் தன் பாட்டைக் கேட்டாள். முப்பத்து மூன்று வருடம் கழித்து. ஈய உடுப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓடிய விளையாட்டுகளின் பாட்டுகளையெல்லாம் யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். மெஷின்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆனால் அவற்றின் சத்தச் சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள், எமுலேட்டர் என்கிறார்கள், போனுக்குள் உட்கார்ந்துகொண்டு பாட்டை அன்று போலவே ஒலிக்கிறது.

அன்று போலவே என்பதெல்லாம் பேச்சுக்கு. நாலு அடி ஓடியதுமே அவளுக்குச் சுருக்கென்றது. மெட்டு இருந்தது, கீழே ஓடும் கனத்த சுரம் இருந்தது, தாளத்தை மட்டும் காணோம். உப்புப் போட மறந்த குழம்பு மாதிரி சப்பென்று ஓடியது பாட்டு. என்ன ஏது என்று பிளேயரின் அமைப்புகளைத் தோண்டினாள். 'சிப்: பழையது / புதியது' என்று ஒரு வரி. யாரோ புதியதில் டிக் அடித்து வைத்திருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிப்பில் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் எழும். மூன்றையும் மெட்டும் கனத்த சுரமுமே தின்றுவிட்டன, தாளத்துக்கு இடமில்லை. ஆனால் முதலில் வந்த சிப்பில் ஒரு கோளாறு உண்டு: சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் டிக் என்று ஒரு சின்னத் தட்டல் கேட்கும். எல்லோரும் அதைத் திட்டினார்கள். அவள் மட்டும் நொடிக்கு நாலாயிரம் தடவை சத்தத்தை ஏற்றி இறக்கி, அந்தத் தட்டல்களைக் கோத்து, ஒரு நாலாவது சத்தத்தை வரவழைத்தாள். பின்னால் வந்த சிப்பில் கோளாறைச் சரி செய்துவிட்டார்கள். கோளாறு போனதோடு அவள் தாளமும் போயிற்று. இப்போது பழையதை அழுத்தினாள். தாளம் வந்து பொத்தென்று விழுந்தது.

அப்புறம்தான் திரையின் கீழே பார்த்தாள். இசை என்ற இடத்தில் அவளுடைய அந்தக் காலத்து முதலாளியின் பெயர்.

மாடியில் இரண்டே அறையில் விளையாட்டுகள் செய்து விற்ற அந்தக் கம்பெனியில் அவளும் முதலாளியும் இன்னும் இரண்டு ஆண்களும்தான். 'எல்லாத்துக்கும் ஒரே பேரா இருந்தா ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கும்மா' என்று அன்று சொல்லித்தான் விளையாட்டுப் பெட்டியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இருபத்தோரு வயதில் அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பத்து நாலில் தெரிந்தது. இணையத்தில் பாட்டுகளைச் சேர்க்கிறவருக்கு இரண்டு கடிதம் எழுதினாள். 'ஆதாரம் இருந்தால் அனுப்பவும்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. கம்பெனி இல்லை, கேசட் இல்லை, சம்பளச் சீட்டில் டைப்பிஸ்ட் என்று இருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்கு உனக்கு?" என்றார் கணவர். அவர் தங்கை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், அண்ணன் வாயை அடைத்தாள். "நீ சும்மா இரு. உன் சைக்கிளை எவனோ எடுத்துட்டுப் போனதை இன்னிவரைக்கும் சொல்லிட்டுத்தான் திரியற. அண்ணி, பழைய கம்ப்யூட்டர் கண்காட்சின்னு போட்டிருக்கான், உங்க முதலாளி பேசறாராம். ஞாயித்துக்கிழமை. நான் வரேன்."

கூடம் நிறைய ஆட்கள். எல்லாம் நாற்பது ஐம்பது வயசுக்காரர்கள், மழுங்கிப்போன விளையாட்டுப் பெட்டிகளைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார்கள். மேடையில் முதலாளி நன்றாகவே இருந்தார். தலை நரைத்து, பேச்சு இன்னும் வழுவழுப்பாகி, பார்க்கிறவர்களுக்குப் பிடித்துவிடும்படி இருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபத்தோடு ஒரு பாசமும் கிளம்பித் தொலைத்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். பாட்டுகளைச் சேர்க்கிறவர், ஒல்லியாகக் கண்ணாடி போட்ட மனிதர், பக்கத்தில் லேப்டாப்போடு நின்றார்.

"ராவும் பகலுமா உக்காந்து போட்ட பாட்டு இது" என்றார் முதலாளி. "படகு விளையாட்டோட பாட்டு. போடுங்க."

ஒல்லியானவர் போட்டார். அவளுடைய மெட்டு வந்தது, அடிச் சுரம் வந்தது. தாளம் வரவில்லை. அதே புதிய சிப். முதலாளி கண்ணை மூடி, வராத தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரியவே இல்லை. தன் பெயரில் முப்பத்து மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருக்கும் பாட்டில் பாதி காணாமல் போயிருக்கிறது, இந்த மனுஷன் ரசித்துக்கொண்டிருக்கிறார்.

கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்றாள். "சார், இதுல தாளம் எங்கே?"

முதலாளிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "தாளமா? நல்ல கேள்வி. அந்தச் சிப்புல மொத்தமே மூணு குரல்தாம்மா. தாளத்துக்கு இடம் ஏது? அந்தக் குறையோடதான் நாங்க வேலை பாத்தோம்."

"எங்க வீட்டு மெஷின்ல தாளம் இருந்துச்சே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இன்னொருவர், ஆமா ஆமா என்றார். முதலாளி சிரித்து மழுப்பினார்.

"போங்க அண்ணி" என்றாள் விளையாட்டு டீச்சர். அண்ணி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாள். மேடையில் ஏறி, ஒல்லியானவரிடம், "பழைய சிப்பில் போடுங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். மாற்றிப் போட்டார். தாளம் கூடத்தின் சுவர் வரைக்கும் போய் மோதித் திரும்பியது. பின்வரிசையில் ஒரு பெரிய மனுஷன் சின்னப் பையன் மாதிரி சீட்டி அடித்தார்.

முதலாளி அவளை இப்போது கண்டுகொண்டார். ஒரு நொடிதான் தடுமாறினார். அப்புறம் கையை விரித்து, கூடத்துக்கு அவளை அறிமுகம் செய்கிறவர் போல, "நம்ம ஆபீஸ் பொண்ணு. டைப் அடிச்சிட்டிருந்தாங்க. கூடவே இருந்ததால எவ்வளவு ஞாபகம் வச்சிருக்காங்க பாருங்க" என்றார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். அவளையே தனக்குச் சாட்சியாக்கி, பாட்டை நோகாமல் மறுபடியும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமா, டைப்தான் அடிச்சேன்" என்றாள். மைக் வேண்டியிருக்கவில்லை. "அந்தக் காலத்துல பாட்டு போட வீணையா குடுத்தாங்க? ஒவ்வொரு சுரத்தையும் நம்பரா டைப் அடிக்கணும். இதையும் நான்தான் டைப் அடிச்சேன். தாளத்துக்கு இடமில்லைன்னு இப்ப சொன்னீங்களே சார், அந்த இடத்தைக் கண்டுபிடிச்சதும் நான்தான்."

ஒல்லியானவர் சங்கடத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், அடுத்தவங்க பேச வேண்டியிருக்கு. ஆதாரம் ஏதாவது இருந்தா, நான் தனியா..."

"தனியா வேணாம். மூணு குரலையும் அடைங்க."

பிளேயரில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே அடைக்கலாம். அவர் முதல் குரலை அடைத்தார், மெட்டு போயிற்று. இரண்டாவதை அடைத்தார். மூன்றாவதும் போனது. தாளம் மட்டும் நின்றது, கணக்கில் இல்லாதது என்பதால் அதை அடைக்க அங்கே பொத்தானே இல்லை. டப். டப். அதன் வாலில், ஒவ்வொரு அடியிலும், மணலைத் தேய்த்தது போலக் கரகரத்து இன்னொரு சத்தம்: சிலுங்.

அன்று ஆபீஸ் மேஜையில் மைக்கை வைத்து, உள்ளங்கையால் ஒரே ஒரு அடி அடித்துப் பதிவு செய்து, அந்தச் சத்தத்தைத்தான் தட்டல்களாகக் கோத்திருந்தாள். கையில் இருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்ற மறந்துபோனாள். கேட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் செய்ய நேரமில்லை. மூன்று குரலுக்கு அடியில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டாள். மேஜையில் அடித்தது யார் கை என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் தன் மணிக்கட்டையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். ஒல்லியானவர் ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனார்.

"சரிம்மா, போதும். உக்காந்து பேசிக்கலாம்" என்று முதலாளி லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார். கடிகாரம் கட்டிய கனத்த கை.

அவள் தன் கையை விசைப்பலகையின் மேல் அகல விரித்து வைத்தாள். மூடினால் அந்தக் கையின் மேல்தான் மூட வேண்டும்.

"பாட்டு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சார்."

திரையில் மூன்று குரல்களும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தன. டப், சிலுங். டப், சிலுங். அவருடைய கை மூடியின் விளிம்பிலேயே நின்றது.