நடு ஆற்றுச் சபை

எங்கள் பக்கம் மலைக்கும் கடலுக்கும் இடையில் தூரமே கிடையாது. மலையிறங்கின ஆறு கொஞ்ச நேரத்திலேயே கடலில் போய் விழுந்துவிடும். நிதானப்பட அதற்கு எங்கே நேரம்? அருமனைக்கு மேலே, எந்த வழியாகப் போவது என்று ஒவ்வொரு மழைக்கும் புதிதாக யோசிக்கும். அந்தக் காலத்து மிஷனரி துரைமார் இந்த லட்சணமான ஆற்றைத்தான் இரண்டு சபைகளுக்கும் எல்லையாக வைத்தார்கள். கிழக்கே இருப்பவன் கிழக்குச் சபை, மேற்கே இருப்பவன் மேற்குச் சபை.

என் மகள் ஷைஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பெனிஷுக்குக் குவைத்தில் வேலை. லீவு முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன் அங்கே திரும்பியாக வேண்டும். அதற்குள் பெண்ணின் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கிழக்குச் சபையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரமே மழை கொட்டி, ஆறு என் ரப்பர் தோட்டத்தைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குக் கிழக்கே ஓட ஆரம்பித்தது. சபைச் செயலாளர் செல்வதாஸ் அக்கரையில் குடையோடு நின்று கத்தினார்.

"ராஜையண்ணே, நீங்க இப்ப மேற்குச் சபையாக்கும். நாங்க வாசிச்சது செல்லாது."

சரி, மேற்கே போகலாம் என்றால், பழைய வழியிலும் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆறு. எங்கள் ஆள் இல்லை என்று மேற்குச் சபையும் கைவிரித்தது. கயிறு கட்டி அரிசி அனுப்பினார்கள். ஓலை மட்டும் வாசிக்க மாட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில் ஆற்றைத் திட்டுவதா, ஆட்களைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் இரண்டு ஐயர்மாரும் போனில் கலந்து பேசி முடிவு சொன்னார்கள். எந்தக் கரையிலும் சேராதவர்கள் தனிச் சபை. சபையில் மூத்தவர் ஓலை வாசித்தால் போதும். பிறகு எந்தக் கரைக் கோயிலிலும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம்.

மூத்தவன் நான். என் மனைவி நேசபாய் செயலாளர். ஷைஜா சபையார்.

ஞாயிற்றுக்கிழமை நேசபாய் பட்டுச்சேலை கட்டி, அடுக்களையிலிருந்து முன்னறைக்கு ஆராதனைக்கு வந்தாள். ஆற்றுச் சத்தத்துக்கு மேலே நான் கத்தி வாசித்தேன். ஷைஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஞாயிறு நான் பிந்தி வந்ததாகச் செயலாளர் கண்டித்தாள்.

மூன்றாவது ஞாயிறு. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றேன். நேசபாய் கையைத் தூக்கினாள்.

ஷைஜாவின் சிரிப்பு நின்றது. "அம்மா, எதுக்கு?"

"இவ போனா சபையில நாம ரெண்டு பேருதான மிச்சம்," என்றாள் நேசபாய், என்னைப் பார்த்து.

அதெல்லாம் ஒரு காரணமா என்று மூத்தவன் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குப் பதில் என் கையும் மேலே போயிருந்தது.

"ரெண்டு பேரு எதிர்ப்பு, ஒரு ஆளு ஆதரவு," என்றாள் ஷைஜா. அழுதுகொண்டிருந்தாள். "இனி பெனிஷுக்கு நான் என்னத்த சொல்லுவேன்?"

நேசபாய் கையை இறக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டாள். "சும்மாதான் மோளே தூக்கினேன். நீங்க வாசியுங்க."

நான் கையை இறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.