மூவாயிரத்து நூறு காலிக் குழிகள்

மார்ச் 11, செவ்வாய்

ஒரு சிறு தவறு செய்திருக்கிறேன். சிறியது என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. நிரலில் அது ஒரே ஒரு வரி.

கடுங்குளிரில் வைத்த மின்னணுச் சில்லில் ஒரு நுண்குழி. அதில் ஒரே ஓர் எலக்ட்ரானை ஏற்றி, அதன் சுழற்சி மேலா கீழா என்று பார்ப்பது எங்கள் வேலை. மேல் என்றால் எலக்ட்ரான் வெளியே தாவும், திரையில் கோடு துள்ளும். கீழ் என்றால் கோடு நேராக ஓடும். துள்ளாததையெல்லாம் 'கீழ்' என்று எண்ணும்படி எழுதியவன் நான். எலக்ட்ரான் ஏறாத காலிக் குழியிலும் கோடு துள்ளாது, சற்று உயரத்தில் நேராக ஓடும். அது எனக்கு உறைக்கவில்லை.

நேற்று நான் படிக்கும் மாலை வகுப்பில் ஆசிரியர் வருகை எடுத்தபோது, குரல் கொடுக்காததால் தூங்கியவனுக்கும் வராதவனுக்கும் ஒரே குறி விழுந்தது. அப்போதுதான் காலிக் குழி நினைவுக்கு வந்தது. இன்று காலை மூன்று முறை எண்ணினேன். கீழ் என்று தெரிந்தே ஏற்ற முயன்ற ஐயாயிரம் சோதனையில் மூவாயிரத்து நூறு காலி. அவற்றைக் கழித்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி என்பது தொண்ணூற்றிரண்டாகிறது. ஆய்வை நடத்தும் அக்கா, தொண்ணூற்றைந்தைத் தாண்டினால்தான் வேலையில் நீடிப்பார். அதை முடிவு செய்யும் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. சில்லோ போன வாரமே பழுதாகிவிட்டது, மறுபடி அளக்க வழியில்லை.

மதியம் அவரிடம் போனேன்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மறுபடியும் கூலிங் வால்வைத் திறந்து வச்சுட்டியா?"

"காலியையும் எண்ணிட்டேன் அக்கா."

நான் எண்ணி எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார். முதலில் சிரித்தார். "பாதிக்கு மேல இல்லாத எலக்ட்ரானுக்கு மார்க் போட்டிருக்கோம்!" பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்ட மட்டும்தான்."

"பொண்ண இங்க ஸ்கூல்ல சேர்த்து ஆறு மாசம்கூட ஆகலடா." தாளைக் கவிழ்த்து வைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காத. அப்புறம் நானே திருத்தி அனுப்பிடறேன்."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? தப்பு என்னுடையது, வேலை போவது அவருக்கு என்பதாலா? பயமா? மாலை வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நான்காவது முறையும் எண்ணிப் பார்த்தேன், என் கண்ணே பொய்யாக இருக்கக் கூடாதா என்று. அதே மூவாயிரத்து நூறு.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் அனுப்பமாட்டார். நானும் கேட்கமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

நாளை: எட்டு மணிக்கு அக்காவிடம், தலையாட்டியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு ஆய்வக இயக்குநர் அறை. தாள் இரண்டு பிரதி.