எல்லாருக்கும் ஒரே ஈமெயில்

பருத்தித்துறையில் என் கடைக்கு ஃபோன் வாங்க வருகிற சனத்தில் பாதிப்பேருக்கு ஈமெயில் திறக்கத் தெரியாது. நீங்களே ஒன்றைப் போட்டுவிடுங்கோ தம்பி என்று நீட்டுவார்கள். ஆளுக்கொன்று திறந்துகொண்டிருக்க எனக்கென்ன விசரா? கடையின் ஈமெயிலையே எல்லாவற்றுக்கும் போட்டுக் கொடுத்தேன். ஒருவர் தேடுவது மற்றவர்களின் ஃபோனிலும் போய்க் கிடக்கும். அது ஒருவருக்கும் தெரியாது.

எங்களூர் மீனவன் கேதீஸ்வரனை மீன் சந்தைக்குப் பக்கத்தில் முகம் மூடியவர்கள் வாளால் வெட்டினார்கள். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அதற்கு முந்தின வாரம் வலை அறுந்த சண்டையில் அவனோடு கத்திய சுதாகரனைப் பொலிஸ் பிடித்தது. அவனுடைய ஃபோனில், வெட்டுக்கு இரண்டு நாள் முன்னர் தேடிய வரி கிடந்தது: ‘வெட்டுப்பட்ட கை திரும்ப ஒட்டுமா’. பிறகென்ன, பிடித்து மறியலில் அடைத்துவிட்டார்கள்.

அந்த ஃபோன் நான் விற்றது. இரவில் கண்டவர்களோடு திரிகிற என் தம்பி ஜெரிசனின் ஃபோனிலும் அதே ஈமெயில்தான். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவனைக் கேட்டேன்.

“ஓம் அண்ணை, நான்தான் பாத்தனான். ஒட்டுமெண்டால் வெட்டி என்ன பிரயோசனம்?”

அறைந்தேன். கன்னத்தைத் தடவிவிட்டு மிச்சச் சோற்றையும் தின்றான், சனியன். நான் வாயைத் திறந்தால் சுதாகரன் வெளியே வருவான், இவன் உள்ளே போவான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பொய்யா? அடுத்த நாள் கடையைத் திறந்ததும் என் ஃபோனில் ‘தேடியதை அழிப்பது எப்படி’ என்று தேடினேன். அழிப்பதற்குள் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள்.

மத்தியானம் சுதாகரனின் மனைவி உதயகலா வந்தாள். அவளுடைய ஃபோனும் நான் விற்றதுதான். கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். நான் காலையில் தேடியது அதில் இருந்தது. அதற்குக் கீழே கையைப் பற்றிய வரி.

“இவர் மறியலிலை. இவரின்ரை ஃபோன் பொலிசிலை. அப்ப இண்டைக்குக் காலமை இதை ஆர் தம்பி தேடினது? இதைக் காட்டினால் இவரை விடுவினமே?”

“விடுவினம் அக்கா. தாங்கோ, அவங்களுக்குக் காட்டிற மாதிரி எடுத்துத் தாறன்.”

கதிரையில் இருத்தினேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அழித்தேன். அவள் பெயரிலேயே புது ஈமெயிலும் திறந்தேன். அதுவரை ஒருவருக்கும் அப்படிச் செய்ததில்லை. எல்லாம் ஃபோனுக்கு உள்ளுக்குள் இருக்கிறது, பொலிஸ் திறந்து பார்க்கும், நீங்கள் கை வைத்தால் அழிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

“நீர் நல்லாயிருக்கோணும் தம்பி” என்றாள். ஃபோனைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பொலிஸ் பக்கமாக நடந்தாள்.